நான் வரையாத நீர்த்துளிகள்

ஜூன் 22, 1978. வியாழன்

வெயில். காலையிலேயே சுவர் சுடுகிறது. கடற்காற்று பதினொன்றுக்கு மேல்தான் வரும், அதுவும் வந்தால்.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா முந்தாநாள் முடிந்தது. இன்று ஸ்டாஃப் ரூமில் மீனாட்சி டீச்சர் (கணக்கு, பக்கத்து நாற்காலி) ஒரு பை மாம்பழம் கொடுத்தார். ஊர்வலத்தில் மாடிகளிலிருந்து இறைத்த பழம். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தாராம். "வேதக்காரங்க வீட்டுல சாப்பிடுவீங்களா டீச்சர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள், சரி. பழத்துக்கு என்ன வேதம்.

ஒன்று மட்டும் முழுசு. மற்றதெல்லாம் மாடியிலிருந்து விழுந்து அடிபட்டவை. ஒன்றுக்குக் கன்னம் நசுங்கி ஊதா நிறம். ஊதாவின் ஓரத்தில் பச்சை. அதைச் சுற்றித் தேன் நிறம். பையைத் திறந்ததுமே கை பரபரத்தது.

வீட்டுக்கு வந்ததும் பீங்கான் தட்டில் அடுக்கினேன். ஒன்றைத் தட்டுக்கு வெளியே உருட்டி விட்டேன். கீழே கிழிந்த நீலப் புடவை. கிழக்கு ஜன்னல்.

பாண்டிச்சேரியில் படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு பெரிய பிரெஞ்சுப் படப்புத்தகம். இம்ப்ரெஷனிஸ்ட்டுகள். அதில் ஒரு பக்கம் வெறும் பழம். கோடு கிடையாது. கிட்டே போனால் வண்ணத் திட்டு, தள்ளி நின்றால் பழம். நிழல் கறுப்பாக இல்லை, நீலம். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தப் பக்கத்தின் முன்னால்தான் போயிற்று. பிறகு கல்யாணம், வேலை. பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுப்பது: கோடு போடு, கோட்டுக்குள் கலர் அடி, வெளியே போகாதே. வருஷக்கணக்காக இதே.

லூ. கடையை மூடிவிட்டு வந்தார். கையெல்லாம் சிவப்பு எனாமல், ஜவுளிக்கடை போர்டு. லூர்து ஆர்ட்ஸ் என்றால் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் கிடையாது. இந்த ஊரில் ஆர்ட்டிஸ்ட் என்றால் அவர், என் புருஷன். நான் டிராயிங் டீச்சர்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, எறும்புப் பவுடர் (முக்கியம்).

ஜூன் 25, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில், எனக்குப் பின்னால் இரண்டு குரல்.

"டீச்சரம்மா வீட்டுல உக்காந்து பழம் வரையுதாம்."

"புள்ளகுட்டி இல்ல. பாவம், என்னா செய்யும்."

பாவமாம். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்ததில் செருப்பு வார் அறுந்தது. வீடு வரை வெறுங்காலில், தார் ரோட்டில்.

படம் நடக்கிறது. பழம்தான் நிற்கவில்லை. நேற்று ஊதாவாக இருந்தது இன்று கறுப்பை நோக்கிப் போகிறது. பார்த்ததை உடனே வைத்தாக வேண்டும். யோசித்தால் போச்சு. இது பிடித்திருக்கிறது.

முழுசாக இருந்த அந்த ஒரு பழத்தைக் காணோம். கொட்டை மட்டும் அடுப்படியில்.

"அத ஏங்க சாப்பிட்டீங்க? பாத்து வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்ல?"

"மாம்பழம்தானே. திங்கத்தானே குடுத்தாங்க."

பிறகு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் நிற்பது எண்ணெய் வாசனையிலேயே தெரியும்.

"அவுட்லைன் போட மறந்துட்டியே."

"மறக்கல."

"அடிபட்ட பக்கத்தத் திருப்பி வை. நல்ல பக்கமாக் காட்டு."

"அடிபட்ட பக்கத்தத்தான் வரையறேன்."

"யாரு மாட்டுவா இத வீட்டுல?"

"நான் மாட்டுவேன்."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் கெட்டவரே இல்லை. குடி கிடையாது. கை நீட்டினதும் கிடையாது. சம்பளத்தை என்ன செய்தாய் என்று கேட்டதில்லை. அதனால்தான் கோபம் வந்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

முடிந்தது. மூலையில் சின்னதாக "செ." என்று போட்டேன். செலின் என்று முழுசாக எழுதக் கூச்சம். எதற்குக் கூச்சம் என்று இப்போது எரிச்சல்.

நன்றாக வந்திருக்கிறது. இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதி வைக்கலாம்: நன்றாக வந்திருக்கிறது. நசுங்கின பழத்தின் ஊதாவும் நிழலின் நீலமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், கிட்டே போனால் ஒன்றுமே இல்லை. மூன்று எட்டு பின்னால் வந்தால் பழம் கனக்கிறது. எப்படி என்று எனக்கே தெரியாது.

முன் அறையில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

மாலையில் லூ.வைப் பார்க்க வந்த, படத்துக்குச் சட்டம் போடுகிறவர்: "இன்னும் முடிக்கலையாம்மா?" லூ. எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "அது அப்படித்தாங்க. பிரெஞ்சு ஸ்டைலு." இரண்டு பேரும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனேன். சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றுதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கோட்டுச்சேரியிலிருந்து இன்று மதியம் திரும்பினேன். ரோசாலி அக்காவுக்கு டைபாய்டு. லீவு போட்டு அங்கேயே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, இப்போது எழுந்து நடக்கிறாள். உடம்பெல்லாம் அலுப்பு.

வீட்டுக் கதவைத் திறந்தால் சுவரில் ஆணி. படம் இல்லை.

லூ. சந்தோஷமாக வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வித்துட்டேன். திருநள்ளாறுல புதுசா லாட்ஜ் கட்டியிருக்காருல்ல ராஜமாணிக்கம், அவரு. போர்டு எழுதச் சொல்ல வந்தாரு. சாப்பாட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. சனிக்கிழமையானா எவ்வளவு ஜனம் வந்து போவுது தெரியுமா?"

"என்னைக் கேக்கல."

"உனக்குத்தான் சந்தோஷமா இருக்கும்னு..."

"என்னைக் கேக்கல."

"செலின், அக்கா படுத்துக் கெடக்குறப்ப இதக் கேட்டுக்கிட்டு ஆள் அனுப்புவாங்களா?"

பதில் சரியாக இருப்பது போல இருக்கிறது. சரியாக இல்லை. அவர் கொடுத்த பணத்தை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டேன். தொடப்போவதில்லை.

துணி ஊறவைத்தது. அரிசியில் கல். தலைவலி.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

என் வர்ணப் பெட்டியை எடுத்தேன். மஞ்சள் டியூப் அடியிலிருந்து சுருட்டி, பல்பசை மாதிரிப் பிதுக்கித் தீர்ந்திருக்கிறது. வெள்ளையும் பாதி. சின்ன பிரஷ் கழுவாமல் விறைத்துக் கிடக்கிறது.

நான் பிரஷ் கழுவாமல் வைத்ததே கிடையாது.

அவரைக் கேட்டேன். "ஒரு அவசர வேலை, எடுத்துக்கிட்டேன். பாண்டி போறப்ப வாங்கித் தர்றேன்" என்றார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனாமலில் வேலை செய்கிறவருக்கு ஆயில் கலரில் என்ன அவசர வேலை?

ஆகஸ்ட் 14, திங்கள்

புழுக்கம். நாளை மாதா திருநாள், பள்ளிக்கூடம் இல்லை.

மீனாட்சி டீச்சருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போய் விளக்குப் போடுகிறார். இன்று வந்ததும் வராததுமாக:

"டீச்சர், உங்க வீட்டுக்காரரு படம் பாத்தேன் லாட்ஜுல. மாம்பழம். அடேயப்பா. இப்பத்தான் கழுவி எடுத்து வச்ச மாதிரி. மேல தண்ணி சொட்டுது பாருங்க, தொடச்சுவிடலாம் போல இருக்கு."

"தண்ணியா?"

"ஆமா டீச்சர். முத்து முத்தா. கீழ பேரு போட்டிருக்கு, லூர்து ஆர்ட்ஸ், காரைக்கால்னு. செவப்புல."

நான் தண்ணீர் வரையவில்லை. ஒரு துளி கூட வரையவில்லை.

"அது நீங்க குடுத்த பழம் டீச்சர்" என்றேன். "போங்க டீச்சர், நான் குடுத்தது அடிபட்ட பழம்ல?" என்று சிரித்தார்.

எட்டாம் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் பூஜாடி போட்டேன். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி மெதுவாக: "டீச்சர் இன்னிக்கு மூடு சரியில்லடி."

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லுவார். அவர் சொல்லுவதை அல்ல, படத்தைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

மீன்காரம்மா கருக்களாச்சேரியிலிருந்து கொடுவா கொண்டுவந்தாள். குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன் போல. லூ. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒயர் கூடையில் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் பாட்டில், பழைய பனியன் துணி. பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லாரும் சனீஸ்வரனுக்கு, நான் வேறு வேலையாக. பதினொரு மணிக்கு லாட்ஜ். சாப்பாட்டு ஹாலில் முதல் பந்தி. குளத்தில் எண்ணெய் முழுக்குப் போட்டு வந்த ஜனம், ஈரத்தலையோடு இலை முன்னால்.

சுவர் நடுவில் என் படம்.

என் படம் இல்லை. பழத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு. நசுங்கின இடமெல்லாம் பளபளவென்று மஞ்சள். என் மஞ்சள். ஒவ்வொரு பழத்திலும் வெள்ளைத் துளி, துளிக்குள் பளிச்சென்று ஒரு புள்ளி. என் நீல நிழல் மேல் சாக்லேட் பூச்சு. தட்டுக்கு வெளியே உருண்ட பழத்துக்கு ஒரு இலை வேறு. "செ." இருந்த மூலையில் சிவப்பில் வளைத்து வளைத்துக் கடைப் பெயர்.

பரிமாறுகிறவரிடம் ஸ்டூல் கேட்டேன். பல்பு மாற்ற வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, கொடுத்தார். ஏறினேன். துணியை நனைத்தேன். முதலில் பெயர். சிவப்பு கரைந்து வழிந்தது. தடிமனாகப் பூசியிருந்ததால் உள்ளே இன்னும் ஈரம். பிறகு துளிகள்.

"ஏம்மா, இறங்குங்கம்மா. என்னா பண்றீங்க?" மேனேஜர்.

"தொடைக்கிறேன்."

"சாமி, சாம்பார் வருது, கொஞ்சம் ஓரமா" என்று யாரோ. சாப்பாட்டு வாசனையோடு டர்பன்டைன் நெடி. இலை முன்னால் இருந்த ஒரு அம்மாள் தலையை நிமிர்த்தி, "ஐயோ, பழம் அழுவிப் போயிருக்கே" என்றார். மஞ்சளுக்கு அடியிலிருந்து ஊதா வெளியே வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர். டர்பன்டைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் என்னுடையதும் கூடவே வந்தது. துணியில் பார்த்தேன். அவர் சாக்லேட், என் நீலம், இரண்டும் ஒரே சேறு. கையை நிறுத்தினேன்.

அப்போது ராஜமாணிக்கம் வந்துவிட்டார். லாட்ஜ் முதலாளி. அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி. தோளில் துண்டு. சத்தம் போடவில்லை.

"யாரும்மா நீங்க?"

"இத வரைஞ்சவ."

"லூர்து சார் வரைஞ்சதுன்னுல்ல..."

"லூர்து சாரோட சம்சாரம் நான். வரைஞ்சது நான். மேல பூசினது அவரு."

அவர் படத்தைப் பார்த்தார். பந்தி முழுக்க எங்களைப் பார்த்தது.

"இறங்குங்கம்மா, விழுந்துடப் போறீங்க" என்றார். பிறகு: "இப்பத்தான் கொஞ்சம் நான் அன்னிக்குப் பாத்த படம் மாதிரி இருக்கு."

எனக்குப் புரியவில்லை. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிச் சொன்னார்.

"உங்க வீட்டுல இதப் பாத்தேன். எங்க தோப்புல காத்தடிச்சா காலையில பழம் இப்படித்தாம்மா கெடக்கும். அப்படியே குடுங்கன்னேன். லூர்து சாரு, இது இன்னும் முடியல, முடிச்சுத் தர்றேன்னாரு. வேணாம், இப்படியே வேணும்னேன். ரெண்டு தரம் சொன்னேன். கேக்கல. வந்து பாத்தா காலண்டர் படம். சொன்னா அவரு மனசு சங்கடப்படும்னு மாட்டிட்டேன்."

அப்படியே வேணும்னு கேட்டிருக்கிறார். இரண்டு தரம்.

வாங்கியவருக்குப் பிடிக்காது என்று மாற்றினார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வியாபாரம் என்றால் கோபப்பட்டுவிட்டு விட்டுவிடலாம்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. என்னா செய்யணுமோ செஞ்சுட்டுக் குடுங்க. குடுக்காட்டியும் சரி" என்றார். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர்: "என்னாம்மா, சாமி படமா?"

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

நான் வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பஸ் ஸ்டாண்டுக்குச் செய்தி வந்துவிட்டது. நேற்று அவர் கடையிலிருந்து வரவே இல்லை, அங்கேயே படுத்துவிட்டார். இன்று காலை வந்தார். மேஜை மேல் படம், அவரைப் பார்த்தபடி.

"ஊரே சிரிக்குது. ஸ்டூல் போட்டு ஏறினியாமே."

"ஏறினேன்."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன். உன் படம் நாலு பேரு பாக்குற எடத்துல..."

"உங்க பேரு."

"கடைப் பேரு. அது ஒரு பழக்கம், கை தானாப் போட்டுடும்."

"ராஜமாணிக்கம் அப்படியே வேணும்னு கேட்டாராம். ரெண்டு தரம் கேட்டாராம்."

அவர் உட்கார்ந்தார். கை விரலில் இருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். பிறகு ஆமாம் என்றார்.

"ஏன் செஞ்சீங்க?"

"பதினெட்டு வயசுலேர்ந்து பிரஷ் புடிக்கிறேன் செலின். இந்த ஊருல என் எழுத்து இல்லாத தெரு கெடையாது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் போர்டு முன்னாடி பேசாம நின்னது கெடையாது. படிப்பான், போயிடுவான். அந்த மனுஷன் உன் படத்து முன்னாடி அப்படியே நின்னாரு. போட்ட காபி ஆறிப்போச்சு. நான் ஒருத்தன் பக்கத்துல நிக்கிறது அவருக்குத் தெரியல. எனக்குப் பொறுக்கல."

பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேல் அதைவிடக் கோபம். என் படத்தைக் கெடுத்தது போதாதென்று என் கோபத்தையும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"என் முன்னாடியும்தான் யாரும் நின்னதில்ல. முதல் தடவையா ஒருத்தர் நின்னாரு. அத நீங்க எனக்கு வந்து சொல்லக்கூட இல்ல" என்றேன்.

புடவை நான்கு, பள்ளிக்கூட நோட்டு, படம். மதிய பஸ்ஸில் கோட்டுச்சேரி.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அக்கா வீடு. தூறல். இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு முதல் பஸ்.

அக்காவின் விசாரணை, இன்றோடு மூன்றாம் நாள்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிச்சாரா?"

"இல்ல."

"வேற பொம்பளையா?"

"இல்லக்கா."

"அப்ப என்னாடி? மாம்பழத்துக்கா வீட்ட விட்டு வந்த?"

ஆமாம் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் கூப்பிட்டு அனுப்பினார். நிற்க வைத்தே பேசினார். "டீச்சர், பிள்ளைங்க காதுக்குப் போகுது. உங்க கணவர் நல்ல மனிதர். நம்ம மாதா கெபிக்கு இனாமா வர்ணம் அடிச்சுக் குடுத்தாரு. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"யாரு யாருகிட்ட மன்னிப்பு கேக்கணும், மதர்?"

"குடும்பத்துல அப்படியெல்லாம் கணக்குப் பாக்கக் கூடாதும்மா."

"மன்னிப்பு என்கிட்ட இல்ல மதர். கேக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல."

இதை நான்தான் சொன்னேனா என்று வராந்தாவில் வந்து யோசித்தேன். வேலை போகுமா? போனால் போகட்டும் என்று எழுத ஆசை. போகக்கூடாது. இந்த வேலை ஒன்றுதான் என்னுடையது.

கெபிக்கு, மாதா நிற்கும் அந்தக் கல் குகைக்கு, நீல வர்ணம் கலந்து கொடுத்தது நான். அதையும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஞாபகம் வந்து என்ன.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

லூ. சைக்கிளில் வந்தார், எதிர்க்காற்றில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா மோர் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள், காதை இங்கே விட்டுவிட்டு.

"நேத்து திருநள்ளாறு போனேன்" என்றார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"பந்தியில எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன்."

"என்னா சொன்னீங்க?"

"இங்க மாட்டியிருந்த படம் என் சம்சாரம் வரைஞ்சதுன்னு. நான் மேல பூசிட்டேன்னு."

"பூசிட்டேன்னு சொன்னீங்களா, கெடுத்துட்டேன்னு சொன்னீங்களா?"

"பூசிட்டேன்னுதான் சொன்னேன்" என்றார். பிறகு, "கெடுத்துட்டேன்னு ராஜமாணிக்கத்துகிட்டத் தனியா சொன்னேன். பந்தியில வாய் வரல."

இந்த உண்மையைச் சொன்னதற்காக மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். இளைத்திருந்தார். கடை இட்லியாகத்தான் இருக்கும்.

"வீட்டுக்கு வா."

"முன் ரூம் எனக்கு வேணும். உங்க டப்பா, ஏணி, ஸ்டென்சிலு, எதுவும் அங்க இருக்கக் கூடாது. சாவி என்கிட்ட. என் பெட்டியத் தொடக் கூடாது."

"சரி."

"உடனே சரின்னு சொல்லாதீங்க. போய் யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

போனார். தட்டில் பார்த்தால் கீரையை எறிந்துவிட்டுத் தண்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

மீனாட்சி டீச்சரும் சனிக்கிழமை அதே பந்தியில்தான் இருந்திருக்கிறார். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு சொன்னாரு டீச்சர். பாதிப் பேரு சோத்துலேர்ந்து தலையைத் தூக்கல. ரசம் கொண்டுவான்னு ஒருத்தரு கத்துறாரு. அவரு நின்னுக்கிட்டே இருந்தாரு." பிறகு மெதுவாக: "அது என் பழமா டீச்சர்? எனக்கு அடையாளம் தெரியலையே."

"அடையாளம் தெரியாம பண்ணிட்டாங்க டீச்சர்" என்றேன். குரல் கடுமையாக வந்துவிட்டது. அவர் மேல் கோபம் இல்லை. மதியம் என் டப்பாவிலிருந்து அவருக்குப் பொரியல் வைத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

வீடு. முன் அறை காலி. தரையைச் சுரண்டிக் கழுவியிருக்கிறார், இருந்தாலும் எனாமல் சொட்டு சொட்டாக. பரவாயில்லை.

படத்தை ஜன்னல் பக்கம் வைத்து நன்றாகப் பார்த்தேன். இரண்டு பழம் தேறும். ஒன்று பாதி. மற்றது அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நிழல் போச்சு. நீலம் ஒரு ஓரத்தில் கொஞ்சம். திரும்ப அந்த மாதிரி வைக்க முடியாது; அந்தப் பழங்கள் ஜூன் மாதத்தோடு போய்விட்டன.

திருத்தவில்லை. ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சா. மூலையில் மட்டும் "செலின், காரைக்கால்" என்று முழுசாக எழுதினேன். கூச்சமில்லை. அப்படியே ராஜமாணிக்கத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அப்படியே வேண்டும் என்று கேட்டவர், இப்படியும் வைத்துக்கொள்வார்.

லூ. பாண்டியிலிருந்து மஞ்சள் டியூப் வாங்கி வந்திருக்கிறார். வேறு கம்பெனி, கொஞ்சம் பச்சையடிக்கும் மஞ்சள். வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

ஒரே வீடு. பேச்சு: உப்பு இருக்கா, தபால் வந்துச்சா, விளக்க அணைக்கவா. கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று அவர் நினைக்கக்கூடாது என்பதற்காகச் சாப்பிடும்போது எதிரே உட்காருவதில்லை. சின்னத்தனம்தான். இருக்கட்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மேகமூட்டம், வெளிச்சம் பரவலாக, மெத்தென்று. பூசை முடிந்து சந்தையில் கொய்யா, ஒரு சீத்தாப்பழம், இரண்டு எலுமிச்சை. கொய்யாவில் ஒன்றை அணில் கடித்திருக்கிறது. கடைக்காரம்மா அதை மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம், அதுதான் வேண்டும் என்றேன்.

முன் அறையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். சீத்தாவின் பள்ளங்களில் சாம்பல் இல்லை, ஒருவித ரோஸ். கொய்யாவின் கடிபட்ட இடம் கலந்து பார்த்துக் கலந்து பார்த்து வரவில்லை. புது மஞ்சளோடு சண்டை.

பத்து மணி போலக் கதவு தட்டும் சத்தம். இந்த வீட்டில் இதுவரை யாரும் உள் கதவைத் தட்டியதில்லை.

"செலின், உள்ள வரலாமா? பாக்கலாமா?"

பிரஷ்ஷில் வர்ணம் காத்திருந்தது.

"வேணாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று. கொய்யாவின் கடிபட்ட இடத்தில் வெள்ளையோடு துளி சிவப்பு வைத்தேன். வந்துவிட்டது.